இடக்கையால் எழுதிய சீட்டு

அஞ்சலையைக் காட்டிக்கொடுத்தவள் நான்தான்.

இந்த ஒரு வரியை எழுத எனக்கு அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. என் தொண்ணூறாம் பிறந்தநாளுக்குப் புத்தகம் போட வேண்டுமென்று மூத்த மகள் ஒரு கட்டுத் தாள் வாங்கி வைத்திருக்கிறாள். தோட்டப் பள்ளியில் மூன்று தலைமுறைக்கு எழுத்தறிவித்தவள், ஆறு பிள்ளைகளை ஆளாக்கியவள்... அந்தக் கதையைத்தான் அவள் எதிர்பார்க்கிறாள். நீங்கள் முதலில் இதைக் கேளுங்கள்.

அப்போது மலாயாவில் வெள்ளைக்காரர்கள் போட்ட அவசரகாலம். கோலா சாவாப் பக்கம் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தின் வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டுவிட்டார்கள். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாதாம். பால்வெட்டப் போகிறவர்களை வாசலில் நிறுத்திச் சோதிப்பார்கள். ஒரு பிடி அரிசி அகப்பட்டாலும் லாரியில் ஏற்றிவிடுவார்கள்.

அந்த அரிசியை உண்மையில் கொண்டுபோனவர் என் கணவர். அவர் மண்டோர், பால்வெட்டுக்காரர்களை மேற்பார்வையிடுபவர். கொடுக்காவிட்டால் கழுத்தை அறுப்போம் என்று காட்டுக்காரர்கள் மிரட்டியிருந்தார்கள். அவருடைய சைக்கிள் பம்புக்குள் அரிசியை நிரப்பிக் கொடுத்தவள் நான்.

அஞ்சலையும் வேலிக்கு வெளியே சோறு கொண்டுபோனாள். காய்ச்சலில் இறந்த அவள் மகளை ஓடையோரம் புதைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பிடி சோற்றை வெல்லம் வைத்து உருட்டி, தலைத்துண்டுக்குள் மறைத்துப் போய், அந்த மண்ணில் வைப்பாள். என்னிடம் 'அ' எழுதிப் பழகிய பிள்ளை அது. அதனால் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

ஒரு நாள் காலை, பேர் கூப்பிடும் களத்தில் பட்டாளத்துத் துரை, வீட்டுக்கு ஒன்றாக வெள்ளைத் தாள் கொடுத்தார். காட்டுக்குச் சோறு கொடுப்பது யாரென்று எழுதிப் பெட்டியில் போட வேண்டும். எழுதியவர் பெயர் வேண்டாம். சாயங்காலத்துக்குள் ஒரு பெயரும் வராவிட்டால் மண்டோரைக் கொண்டுபோய் விசாரிப்பார்கள்.

ரகசியச் சீட்டு! என்னையும் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியையும் விட்டால் லயத்தில் எழுதத் தெரிந்தவர் யார்? என் கணவருக்கே கையெழுத்து மட்டும்தான் வரும். எல்லாரும் தாளோடு பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நின்றார்கள். ஒவ்வொன்றிலும் 'தெரியாது' என்று எழுதிக் கொடுத்தேன். கடைசியாக அஞ்சலை வந்தாள்.

"ஒன்னும் தெரியாதுன்னு போட்டுருங்க டீச்சரம்மா. யார் பேரையும் சொல்லக் கூடாதுலா, பாவம்."

அவளுக்கும் எழுதினேன். மை காய ஊதி, மடித்துக் கொடுத்தேன்.

மத்தியானம் என் கணவர் வந்தார். கதவைச் சாத்தித் தாழிட்டார்.

"ரெண்டு அடி விழுந்தா எல்லாத்தையும் சொல்லிருவேன் சரசு. உன்னையும் சேத்துச் சொல்லிருவேன்."

எங்கள் வீட்டுத் தாள் மட்டும் எழுதாமல் இருந்தது. இடக்கையால் எழுதும் பிள்ளைகளின் முட்டியில் பிரம்பால் தட்டியவள் நான். அன்று பேனாவை என் இடக்கையில் எடுத்தேன். 'அஞ்சலை. வெள்ளிக்கிழமை. தலைத்துண்டு.'

பிள்ளைக்கு வைக்கிற சோறுதானே, விசாரித்து விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேனா? இல்லை... அப்படி நினைத்ததாகப் பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று என் கணவரைத் தவிர வேறு எதையும் நான் நினைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வாசலில் அவள் தலைத்துண்டை அவிழ்த்தார்கள். சோற்றுருண்டை மண்ணில் விழுந்தது. பள்ளிக்கூடம் வாசலுக்கு எதிரிலேயே இருந்தது. அஞ்சலை என்னைப் பார்த்துவிட்டாள்.

"எம் புள்ளைக்கு வைக்கிறதுங்க. டீச்சரம்மாவக் கேளுங்க, அவங்களுக்குத் தெரியும்."

துரை என் பக்கம் திரும்பினார். ஒரே ஒரு சொல்லால் அவளை நான் மீட்டிருக்கலாம். ஆனால் அவளை விட்டுவிட்டால் அடுத்தது மண்டோர்தானே...

"எனக்குத் தெரியாது" என்றேன்.

அதன்பின் அவள் தானாகவே லாரியில் ஏறினாள். சில மாதம் அடைத்து வைத்து, பிறகு அவள் கண்ணால் கண்டிராத இந்தியாவுக்குக் கப்பலேற்றினார்கள்.

எழுதியது கிராணிதான் என்று லயம் முடிவுகட்டியது. அவர் நடந்துபோனால் பெண்கள் காறித் துப்பினார்கள். டீச்சரம்மா எல்லாருக்கும் 'தெரியாது' என்று எழுதிக் காப்பாற்றியவர் அல்லவா! நானும் மறுக்கவில்லை. கிராணி தோட்டத்தை விட்டே போய்விட்டார்.

என் கணவர் எழுபத்தெட்டு வயது வரை இருந்தார். ஆறு பிள்ளைகளில் நால்வர் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். இந்தக் குடும்பம் தழைத்ததைச் சொல்லி என்னைக் கும்பிடுகிறார்களே, எனக்கு உடம்பு கூசுகிறது.

அஞ்சலையிடமிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது, யாரோ எழுதிக் கொடுத்தது. 'டீச்சரம்மா, வெள்ளிக்கிழமை ஒரு பிடி சோறு நீங்களாவது வையுங்கள். உங்களைத் தவிர அந்த இடம் யாருக்கும் தெரியாது.' வேலியைப் பிரித்த பிறகும் நான் ஓடைப் பக்கம் போகவில்லை. ஒரு வெள்ளிக்கிழமைகூடப் போகவில்லை.

சற்றுமுன் மகள் அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"எது வரைக்கும்மா எழுதியிருக்கீங்க?"

தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

"இன்னும் ஒன்னும் எழுதலம்மா" என்றேன்.