தாயம் விழுந்தால்தான் டாங்கி நகரும்

கே.கே. நகரில் நாலு லேத் ஓடுகிற பட்டறை என்னுடையது. பின்னால் இருக்கிற மாடி வீடும் நான் கட்டியதுதான்; மேஸ்திரி பாதியில் ஓடிப்போனதும் மேல்தளத்துக்கு நானே நின்று கான்கிரீட் போட்டேன். தங்கைகள் இரண்டு பேரையும் கட்டிக்கொடுத்தேன். பிள்ளைகளை இன்ஜினியராக்கினேன். அப்பா இல்லாத வீட்டில், ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் விட்டவன் செய்த வேலை இவ்வளவும். இதையெல்லாம் யாரும் எழுதிவைக்க வேண்டாம். பதினோரு வயதில் நான் செய்த ஒரு காரியம் இருக்கிறது. அதைத்தான் திருடிக்கொண்டார்கள்.

வங்காளதேச யுத்தம் முடிந்த அடுத்த வருஷம். மந்தைவெளியில் எங்களோடு இருந்த சித்தப்பா தபாலாபீஸ் குமாஸ்தா. வீட்டில் இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள் என்பதால் அவர் தும்மினால்கூட நாங்கள் எழுந்து நிற்போம். அவரும் இரண்டு சிநேகிதர்களும் ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றி சிப்பாய்களும் டாங்கிகளும் செய்வார்கள். மேஜையில் மணலைக் கொட்டி, மேடு பள்ளம் அமைத்து, டேப் வைத்து அங்குலம் அளந்து, பகடை உருட்டி யுத்தம் நடத்துவார்கள். விதிமுறைப் புத்தகம் லண்டனிலிருந்து தபாலில் வந்தது. பொம்மைக்குப் பெயின்ட் அடிக்க மட்டும் நான் வேண்டும். ஆட்டத்துக்கு உட்காரவிட மாட்டார். “உனக்கு ரூல் புரியாதுடா” என்பார்.

லஸ் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் அவர்கள் சங்கத்தின் பொழுதுபோக்குக் கண்காட்சி. தபால்தலை, பழைய நாணயம், தீப்பெட்டிப் படம், கூடவே சித்தப்பாவின் யுத்த மேஜை. மேஜையைச் சுற்றி வெள்ளைக் கயிறு கட்டி, தொடாதே என்று இங்கிலீஷில் அட்டை தொங்கவிட்டார். மூவரும் முதுகைக் காட்டிக்கொண்டு அவர்களுக்குள்ளேயே ஆடினார்கள். ஜனம் என்ன செய்யும்? பொம்மை வரிசையைப் பார்த்துக் கொலு என்று நினைத்தது. ஓர் அம்மாள் தளபதி காலடியில் பத்து பைசா வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஒரு பையன் கத்தியேவிட்டான்: “இன்னாபா, சண்டைன்னாங்க, எல்லாம் சும்மா நின்னுக்கினு கீது!”

சாயங்காலம் சங்கத் தலைவர் வந்து, நாளைக்கும் இப்படிக் காலியாகக் கிடந்தால் அடுத்த வருஷத்திலிருந்து யுத்த மேஜையே கிடையாது, இடம் தபால்தலைக்காரர்களுக்கு என்று சொல்லிவிட்டார். அன்றைக்குச் சித்தப்பா சோற்றில் கை வைக்கவில்லை. எனக்கும் இறங்கவில்லை. பெயின்ட் அடித்தவன் நான் அல்லவா.

மறுநாள் மத்தியானம் மூவரும் என்னைக் காவல் வைத்துவிட்டு டிபன் சாப்பிடப் போனார்கள். மடிசார் கட்டிய ஒரு மாமி வந்து நின்றாள்.

“ஏண்டா கொழந்தே, நவராத்திரி போய் எத்தனை நாளாச்சு, இன்னுமா கொலு வெச்சுண்டிருக்கேள்?”

“கொலு இல்ல மாமி, சண்டை ஆட்டம். பகடை போட்டு நகர்த்தணும்.”

“பகடையா?” மாமியின் முகம் மாறிவிட்டது. “தாயம் விழுந்தாத்தானே கெளம்பும்?”

அப்படி ஒரு விதி அந்தப் புத்தகத்தில் கிடையாது. நான் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. “ஆமா மாமி. ஒண்ணு விழுந்தாத்தான் டாங்கி நகரும்” என்றேன். டேப் சித்தப்பாவின் பையில் போயிருந்தது. பெயின்ட் சுரண்ட வைத்திருந்த பிளேடை எடுத்தேன், சுற்றிக் கட்டியிருந்த கயிற்றை அறுத்தேன். ஒரு முழத்துண்டு டாங்கிக்கு, ஒரு சாண் துண்டு சிப்பாய்க்கு. மாறிப்போகாமல் இருக்க டாங்கிக் கயிற்றில் ஒரு முடிச்சு. கயிறு எட்டுகிற தூரம் போகலாம், எதிரியைத் தொட்டால் பகடை, பெரிய எண் விழுந்தவருக்கு வெற்றி. அவ்வளவுதான் விதி.

முந்தின நாள் கத்திய அந்தப் பையன் அன்றைக்கும் வந்திருந்தான்; அவனைப் பிடித்து எதிரணியில் நிறுத்தினேன். மாமி பகடையைக் கைக்குள் குலுக்கி “தாயமே வா” என்று கூப்பிட்ட கூப்பாட்டில் நாணயக்காரர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். பத்து நிமிஷத்தில் மேஜையைச் சுற்றி நிற்க இடமில்லை.

சித்தப்பா திரும்பி வந்தார். அறுந்த கயிறுதான் அவர் கண்ணில் பட்டது. எல்லார் முன்னாலும் கன்னத்தில் ஓர் அறை விட்டார். காது அடைத்துப்போயிற்று.

“கொழந்தையை ஏன் அடிக்கறேள்?” மாமி பகடையைக் கீழே வைக்காமலே திரும்பினாள். “நகருங்கோ. என் டாங்கி இப்பத்தான் கெளம்பியிருக்கு.”

அவர் நகர்ந்தார். கூட்டத்தைப் பார்த்தார். பிறகு மிச்சக் கயிற்றையும் தானே அறுத்து முடிச்சுப் போட உட்கார்ந்தார்.

சாயங்காலம் தலைவர் அந்தக் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து, யாருடைய யோசனை என்று கேட்டார். சித்தப்பா என் தோளில் கை வைத்துக்கொண்டு இங்கிலீஷில் நீளமாகப் பேசினார். “மை ஐடியா சார், மை ஐடியா” என்று நடுநடுவே வந்தது. என்னைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். தலைவர் கை குலுக்கினார், ஜனம் கைதட்டியது. எல்லாரையும்விட ஓங்கித் தட்டியது நான்தான். அப்புறம் சித்தப்பா எனக்கு ஒரு ரோஸ் மில்க் வாங்கிக்கொடுத்தார். குடித்துக்கொண்டே வீடுவரைக்கும் அந்த இரண்டு வார்த்தையையும் பாட்டு மாதிரி சொல்லிக்கொண்டு போனேன். அது எனக்கு எதிராகச் சொன்ன வார்த்தை என்பது, பட்டறையில் இங்கிலீஷ் பேசுகிற வாடிக்கையாளர்கள் வர ஆரம்பித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அதற்குள் சித்தப்பா போய்ச் சேர்ந்துவிட்டார்.

போன மாதம் அதே சங்கத்தின் கண்காட்சி தி. நகரில் நடந்தது. ஒவ்வொரு யுத்த மேஜையிலும் முடிச்சுப் போட்ட கயிறு. புதிதாக வருகிற குழந்தைகள் தாயம் போட்டு டாங்கியை நகர்த்துகின்றன. வாசலில் சித்தப்பாவின் படம், மாலை, பலகை: புதியவர்களுக்கு யுத்த மேஜையைத் திறந்துவிட்டவர். அங்கே நின்ற இளைஞனிடம், அது நான் செய்த காரியம் என்று சொன்னேன். “அப்படியா தாத்தா” என்று சிரித்துவிட்டுப் போனைப் பார்த்தான்.

சங்கத்தாருக்குச் சொல்கிறேன். படத்தை எடுக்க வேண்டாம். ஈயத்தை வார்த்தவர் அவர், அது அவருக்கு. கயிற்றை அறுத்தவன் நான். அதற்கு அறை வாங்கியவனும் நான். அடுத்த கண்காட்சிக்குள் அந்தப் பலகையில் என் பெயர் ஏற வேண்டும், அவர் பெயருக்கு மேலே. தமிழில் எழுதுங்கள். வாசலில் நின்று எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவேன்.