பெண்கள் அழைக்கும் சுற்று

மவுண்ட் ஐசா சுரங்கத்தில் வேலை பார்த்த பின்லாந்துக்காரர்கள் தங்கள் நடுக்கோடை விழாவை ஜூன் மாதத்தில்தான் கொண்டாடுவார்கள். பூமியின் தென்பாதியில் இருக்கும் அந்த ஊரில் அது குளிர்காலம், மாலை ஆறு மணிக்கே இருட்டிவிடும் என்பதெல்லாம் அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. காய்ந்து கிடக்கும் ஆற்று மணலில் விறகைக் குவித்துக் கொளுத்துவார்கள். தொத்திறைச்சி சுட்டுத் தின்பார்கள். பிறகு தங்கள் சங்கத்தின் கூடத்தில் நடனம்.

நடனத்துக்கு அக்கார்டியன் என்கிற துருத்திப் பெட்டியை நெஞ்சில் மாட்டி வாசித்தவள் ஹில்க்கா வைனியோ. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் அண்ணனைத் தொடர்ந்து கப்பலேறி வந்து, தொழிலாளர் உணவுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். வந்த வருஷமே, யாருக்காவது வாசிக்கத் தெரியுமா என்று சங்கத்தில் கேட்டார்கள். கையைத் தூக்கினாள். தூக்கிய கையைப் பதினெட்டு வருஷம் யாரும் இறக்க விடவில்லை.

அந்த ஊரில் ஆண்கள் ஏராளம், பெண்கள் கொஞ்சம். ஆடவே தெரியாத பெண்ணுக்குக்கூட உட்கார நேரமிருக்காது. கூட்டிப்போக ஆள் வராத ஒரே பெண், மேடையில் உட்கார்ந்து எல்லோரையும் ஆட வைத்தவள்தான். அவள் எழுந்தால் பாட்டு நின்றுவிடும். பிறகு எவன்தான் கூப்பிடுவான்?

மேடையிலிருந்து அவள் பார்த்ததெல்லாம் கால்களை. அதிலும் தைஸ்தோ ரௌத்தியோவின் கால்களை. சுரங்கத்தில் வெடி வைக்கிற தைஸ்தோ, டாங்கோ நடனம் ஆடும்போது மட்டும் பூனை மாதிரி நடப்பான். இறந்துபோன தபால்காரரின் மனைவி லஹ்யாவோடு அவன் ஆடினால் பாட்டு சற்றுச் சுருக்கமாக முடியும். ஏன் என்பது ஹில்க்காவுக்கும் அக்கார்டியனுக்கும் மட்டுமே தெரிந்த விஷயம்.

எழுபத்தொன்பதாம் வருஷ விழாவுக்குச் சங்கத் தலைவர் உர்ஹோ பிரிஸ்பேனிலிருந்து ஒரு டேப் ரிக்கார்டர் வாங்கி வந்தார். இருபது பேர் சேர்ந்து வாசித்த கேசட்டும் வந்தது. ஹில்க்கா இனி ஓய்வெடுக்கலாம் என்று அவளிடம் பெருந்தன்மையோடு சொன்னார். அவளுக்கு முகம் சுண்டிப்போனது. ஆனாலும் விழாவுக்கு வந்தாள். புதுச் சட்டை போட்டிருந்தாள், பழையதெல்லாம் அக்கார்டியன் உரசி நெஞ்சுப் பக்கம் நைந்து போயிருந்தது. பெட்டியையும் பழக்கதோஷத்தில் தூக்கி வந்து மேடையோரம் வைத்துவிட்டு, முதல் முறையாகப் பெண்கள் வரிசை பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். இன்றைக்காவது ஒருவன் வந்து குனிந்து அழைக்கட்டும் என்பதுதான் அவள் ஆசை.

ஒருவரும் வரவில்லை. கோபமாக இருக்கிறாள், கிட்டே போகாதே என்று ஆண்கள் எதிர்ச் சுவரோரம் கிசுகிசுத்துக்கொண்டார்கள். பாதிரியாரைக் கண்டால் தலையாட்டுவது போல மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, பக்கத்தில் இருந்தவளைக் கூட்டிப் போனார்கள். அவளுக்கு அழுகை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

அடுத்தது பெண்கள் ஆண்களை அழைக்கும் சுற்று என்று உர்ஹோ அறிவித்தார். அந்தச் சுற்றில் எவனும் மாட்டேன் என்று சொல்லக் கூடாது. எத்தனையோ முறை அவளே அதற்கு வாசித்திருக்கிறாள். எழுந்து கூடத்தைக் குறுக்கே கடந்து தைஸ்தோ முன்னால் போய் நின்றாள்.

ஒரு முறை அழைத்தால் வழக்கப்படி இரண்டு பாட்டுக்குச் சேர்ந்து ஆட வேண்டும்.  பதினெட்டு வருஷமாகத் தாளம் மட்டுமே தட்டிய அவள் கால் தைஸ்தோவை இரண்டு மூன்று முறை மிதித்தது. அவன் வலித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. பாட்டு முடிந்ததும் பெண்ணை அவள் இடத்தில் கொண்டுபோய் விட வேண்டும். தைஸ்தோ அவள் முழங்கையைப் பிடித்து நேரே மேடையேற்றி, அக்கார்டியன் நாற்காலியருகே நிறுத்தினான்.

அவளுக்குச் சுருக்கென்றது. "நான் இங்கேருந்து வரல," என்றாள். "அந்த பெஞ்சுலேருந்து வந்தேன்."

தைஸ்தோவின் காது சிவந்தது. "பாத்துப் பாத்துப் பழகிருச்சு. உங்க இடம்னா கண்ணு இங்கதான் வருது," என்றான்.

கூடத்தின் முழு நீளத்தையும் நடத்திக் கூட்டிப்போய், எல்லோரும் பார்க்க, அவளை பெஞ்சில் உட்கார வைத்தான். அங்கேயே நின்று இன்னொரு முறை கேட்டிருக்கலாம். ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே. ஆண்கள் பக்கம் நடந்து போய்ச் சுவரைத் தொட்டான், திரும்பினான், மறுபடி அவளை நோக்கி வர ஆரம்பித்தான். அப்படி ஒரே பெண்ணிடம் உடனே திரும்பி வருவது அந்த ஊரில் சும்மா செய்கிற காரியம் இல்லை. லஹ்யா பக்கத்திலிருந்தவளை இடித்தாள்.

அவன் பாதி வழி வந்திருப்பான், டேப் டக்கென்று நின்றது.

"நல்லதாப் போச்சு," என்றார் உர்ஹோ. "ஹில்க்கா, கோவத்த விட்டுட்டுக் கொஞ்ச நேரம் வாசியேன். பெட்டிதான் கொண்டாந்திருக்கியே."

கூடமே அவளைப் பார்த்தது. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நடுக் கூடத்தில் தைஸ்தோவும் நின்றான். அவள் வாசித்தால் எல்லோரும் ஆடலாம், அவளைத் தவிர. வலது கை பழக்கத்தில் மேலே எழப் பார்த்தது. அதை மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"அந்தக் கேசட்டுல இன்னொரு பக்கம் இருக்கு, உர்ஹோ," என்றாள். "திருப்பிப் போடு."