விட்டுப்போன மூன்று அடிகள்

இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் ஒரு சின்ன ஊர்த் தேவாலயத்தை ஐவி காட்ஸ் முப்பத்தோரு வருஷமாகக் கூட்டிப் பெருக்கி வந்தாள். சிங்கம் செதுக்கிய ஞானஸ்நானத் தொட்டி எண்ணூறு வருஷத்துக் கல்லாமே என்று வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளந்தால், "ஆமா, அந்தச் சிங்கத்து வாய்க்குள்ள சேர்ற தூசும் அதே வயசுதான்" என்பாள். கொள்ளைநோய் வந்த ஒரே வருஷத்தில் அடுத்தடுத்து இறந்த மூன்று பாதிரியார்களின் பெயர் ஏறிய பலகை, தரையில் பதித்த பித்தளைத் தகட்டில் படுத்திருக்கும் போர்வீரன் எல்லாமே அவளுக்குத் துடைக்க வேண்டிய சாமான்கள்தான். போர்வீரனின் மூக்கைத் தேய்த்தே தீர்த்துவிட்டாள் என்று கணவர் பெர்சி கேலி செய்வார்.

பெர்சியின் பொறுப்பு மணிக்கோபுரம். ஊரில் யார் இறந்தாலும் பெரிய மணியை அடிப்பது அவர்தான். ஆண் என்றால் மும்மூன்றாக மூன்று முறை, பெண் என்றால் இரண்டிரண்டாக மூன்று முறை. பிறகு வயது எத்தனையோ அத்தனை அடி. வயலில் நிற்பவன்கூட எண்ணிப் பார்த்தே ஆள் இன்னார் என்று சொல்லிவிடுவான். நாற்பது வருஷத்தில் பெர்சிக்கு ஓர் அடி பிசகியதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஒரு மார்ச் மாதக் காலையில் உருளைக்கிழங்குப் பாத்தியில் விழுந்து இறந்துபோனார். வயது அறுபத்தெட்டு. கோபுரத்தில் அவருக்குக் கூட்டாளியான லென் மணியடிக்கப் போனான். ஐவி சமையலறையில் நின்று எண்ணினாள். இரண்டு. இரண்டு. இரண்டு. பிறகு அறுபத்தெட்டு. அவளுக்கும் அதே வயதுதான். குளிர்காலம் முழுக்க நெஞ்சுச்சளியில் கிடந்தவளும் அவள்தான்.

சற்று நேரத்தில் அடுத்த தெரு டோரா ஆப்பிள் கேக்கோடு வந்து கதவைத் தட்டினாள். திறந்த ஐவியைப் பார்த்ததும் கேக்கை நழுவவிடப் பார்த்தாள்.

"அடக் கடவுளே, நீயா! பெர்சிக்கு வெந்நிகூட வைக்கத் தெரியாதேன்னு..."

"அவருதான் போயிட்டாரு, டோரா. மேசைல வச்சிட்டுப் போ."

அழுகை வரவில்லை. மணி தப்பாகிவிட்டது என்பது ஒன்றுதான் மனதில் நின்றது. கோட்டை மாட்டிக்கொண்டு தேவாலயத்துக்கு நடந்தாள்.

லென் கோபுரத்தடியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"என்ன லென், என்னைச் சாகடிச்சிட்டியே?"

"எண்ணத் தெரியாம இல்ல, ஐவி. மூணாவது அடிக்குக் கை வரல. மூணு தடவையும் வரல. வயசை மட்டும் கண்ணை மூடிட்டு அடிச்சேன்."

"மனுஷன் கேட்டிருந்தா உன்னைச் சும்மா விட்டிருப்பாரா?"

"கயித்தாலயே கட்டித் தொங்க விட்டிருப்பாரு. முதல்லேர்ந்து அடிச்சிடறேன்."

"வேணாம். மிச்சம் மூணுதானே. நகரு."

முப்பத்தோரு வருஷம் அந்தக் கயிற்றைச் சுற்றிச் சுற்றிக் கூட்டியவள், ஒருநாளும் அதைத் தொட்டதில்லை. பெர்சி தொட விட்டதில்லை. கம்பளி சுற்றிய பிடி அவர் கை பட்ட இடத்தில் மட்டும் தேய்ந்திருந்தது. இழுத்தாள். ஒன்று. மனதில் ஒன்றுமில்லை. இரண்டு. அப்போதும் ஒன்றுமில்லை.

மூன்றாவது அடியில்தான் அவளுக்குப் பெர்சி செத்துப்போனார்.

"லென்," என்றாள், கயிற்றை விடாமல். "அவரு இல்ல, லென்."