மனாமாவில் ஒரு வெள்ளி, ஒரு சனி

நேற்று பீரோவைத் திறந்ததும் பாச்சா உருண்டை வாசனை என்னை மனாமா சூக் கடைத்தெருவில் கொண்டுபோய் இறக்கிவிட்டது. இப்போது இடித்துவிட்ட அந்தச் சந்தில் எங்கள் வாப்பாவின் துணிக்கடையும் தாவூத் மாமாவின் துணிக்கடையும் ஒட்டியபடி இருந்தன. மாமா பஹ்ரைனிலேயே பிறந்த யூதர். வெள்ளிக்கிழமை வாப்பா ஜும்ஆவுக்குப் போனதும் மாமா எங்கள் கடையில் வந்து உட்கார்ந்து வியாபாரத்தைப் பார்த்துக்கொள்வார். ஃபேன் கடகடக்க, பாப்ளின் துணிக்கட்டின் மேல் சாய்ந்தபடி நான் ஹோம்வொர்க் எழுதுவேன். சனிக்கிழமை அவருக்கு ஓய்வுநாள், ஷட்டர் ஏறாது. அவரைத் தேடி வருகிறவர்களை வாப்பா, "யல்லா, வாங்க, அதே துணி இங்கேயும் இருக்கு" என்று கூப்பிட்டு உட்காரவைத்துவிடுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை, கல்யாணத்துக்கு மொத்தமாகத் துணி எடுக்க வந்த ஓர் அம்மாளிடம், துணியின் மடிப்பைப் பிரித்து உள்ளே இருந்த சாயக்கறையை மாமாவே காட்டினார். அந்த அம்மாள் எழுந்து போய்விட்டார். வாப்பா திரும்பியதும் நான் ஒன்றுவிடாமல் போட்டுக்கொடுத்தேன்.

"என்ன பாய், வந்த ஆளை விரட்டிட்டீங்களே!" என்று வாப்பா எகிறினார்.

"துணி உங்களுது, விக்கிற வாய் என்னுதாச்சே," என்றார் மாமா, பால் சேர்க்காத சுலைமானி டீயை உறிஞ்சிக்கொண்டே. "தெரிஞ்சே மறைச்சா எங்க வேதத்துல அதுவும் திருட்டுதான்."

"எங்களுக்கும் அப்படித்தான்," என்று வாப்பா முணுமுணுத்தார்.

மறுநாள் காலை மாமாவின் மூடிய ஷட்டர் முன்னால் ஒருவர் வந்து நின்றார். வாப்பா பழக்கத்தில் "யல்லா" என்று ஆரம்பித்து, என்னைப் பார்த்தார், ஒரு மாதிரி சிரித்தார்.

"இன்னிக்கு அவருக்கு லீவு. நாளைக்கு வாங்க, இருப்பார்."