பத்தாம் நம்பர் சட்டை

எங்கள் ஊரில் ஒருவன் நன்றாகப் பந்து விளையாடினான் என்று நாலு பேர் வாயால் வர வேண்டுமானால், அவன் முதலில் செத்துக் காட்ட வேண்டும். பாட்டுக்காரனுக்கும் இதே விதிதான். போன மாதம் இறந்துபோன கானமேளாப் பாடகர் ஒருவருக்கு முச்சந்தியில் ஆளுயர பிளெக்ஸ் வைத்திருந்தார்கள். பாடிக்கொண்டிருந்தபோது அவர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினவர்களெல்லாம் அதன் அடியில் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பார்த்ததும் எனக்கு மாமா ஞாபகம் வந்தது.

மாமா, அம்மாவின் தம்பி. கொளச்சலுக்கு மேற்கே எங்கள் கடற்கரை ஊரில் பத்தாம் நம்பர் சட்டை போட்டு விளையாடியவர். களியக்காவிளைக்காரர்களோடு நடந்த ஆட்டத்தில் அவருக்குக் கால்முட்டு போயிற்று. ஊர்க் கால்பந்து மன்றத்து ஆட்கள் சீக்கிரமே வீட்டுக்கு வந்தார்கள். நலம் விசாரிக்க இல்லை. பத்தாம் நம்பர் வேறொரு பையனுக்கு வேண்டுமாம். மாமி அப்போதுதான் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள். காயட்டும் என்றுகூடப் பொறுக்காமல் ஈரத்தோடு உருவிக்கொண்டு போனார்கள். இதெல்லாம் நான் வளர்ந்தபிறகு அம்மா சொல்லித் தெரிந்தது.

எனக்குத் தெரிந்த மாமா, சாயங்காலமானால் கோல் கம்பத்துக்குப் பின்னால் மணலில் உட்கார்ந்திருப்பவர். பந்து கடல் பக்கம் போனால், "ஏலே நொண்டி, எடுத்துப் போடுலே!" என்று சத்தம் வரும். காலை இழுத்து இழுத்துப் போய் எடுத்துப் போடுவார். மனிதனுக்குக் கொஞ்சமாவது ரோஷம் வேண்டாமா என்று இன்றைக்கும் அவர்மேல் எனக்குக் கோபம்தான். நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது மஞ்சள் காமாலையில் போய்விட்டார்.

வருஷம் திரும்பியதும் அதே மன்றம் அவர் பெயரில் நினைவுச் சுழற்கோப்பை அறிவித்தது. பிளெக்ஸில் மாமா 'கால்பந்துச் சிங்கம்' ஆகியிருந்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், "எனக்க மாமாவாக்கும்" என்று காட்டினேன். தலைகால் புரியாத பெருமை எனக்கு.

போட்டிக்கு முந்தின வாரம் மன்றத்துச் செயலாளர் இரண்டு பேரோடு மாமி வீட்டுக்கு வந்தார்.

"மைனி, அண்ணனுக்க பழைய சட்டை வேணும். கண்ணாடிப் பெட்டியில வைக்கப் போறோம்."

"தேடிப் பாருங்க" என்றாள் மாமி.

டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தார்கள். பரணில் ஏறினார்கள். நானும் கட்டிலுக்கடியில் புகுந்து தேடினேன். எல்லோரும் ஓய்ந்தபிறகு மாமி கேட்டாள்: "கொடியில பாத்தியளா?"

செயலாளர் நிஜமாகவே பின்வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "அங்க ஒண்ணும் இல்லியே மைனி."

"எப்பிடி இருக்கும்? நீங்கதானே ஈரத்தோட உருவிட்டுப் போனிய?"

அவர் தலையைச் சொறிந்தார். "அது பழைய கதையில்லா, விடுங்க. நாங்க புதுசா ஒண்ணு தச்சுக்கிடுதோம்."

"என்னத்தையும் தைங்க. ஆனா இந்த வீட்டில இருந்து தந்ததுன்னு மட்டும் சொல்லப்பிடாது. அவரு தரல்ல, நீங்க எடுத்தது. வேற ஒண்ணும் உங்ககிட்ட கேக்கல்ல."

"சத்தியமா சொல்ல மாட்டோம்" என்று சாயாவைக் குடித்துவிட்டுப் போனார்கள். ஒரு சட்டைக்கு எதற்கு இத்தனை வழக்கு என்றுதான் எனக்குத் தோன்றியது.

இறுதி ஆட்டத்தன்று வரமாட்டேன் என்ற மாமியை அம்மா வற்புறுத்திக் கூட்டி வந்தாள். முன்வரிசையில் மாமி, பக்கத்தில் நான். கண்ணாடிப் பெட்டியை மேடைக்குக் கொண்டுவந்தார்கள். புதுத் துணியைத் தேயிலைத் தண்ணீரில் முக்கிப் பழசாக்கியிருந்தார்கள். செயலாளர் மைக்கைப் பிடித்தார்.

"நம் சிங்கம் கடைசி மூச்சு வரை நெஞ்சோடு அணைத்து வைத்திருந்த சட்டை! அவருடைய துணைவியார் தம் கையாலேயே எடுத்து, கண்ணீரோடு நம் மன்றத்துக்கு வழங்கியிருக்கிறார்!"

மைதானமே கைதட்டியது. மைக்கில் எங்கள் வீட்டுப் பேச்சு வந்துவிட்டதே! நான் நாற்காலிமேல் ஏறி நின்று தட்டினேன். மாமி அழவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. என் இரண்டு கைகளையும் சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தட்டித் தட்டி எனக்குக் கை வலிக்குமே என்றுதான் பிடிக்கிறாள் என்று நினைத்தேன்.

"நோவல்ல மாமி" என்று சொல்லி, கையை உருவிக்கொண்டு, முன்னைவிடப் பலமாகத் தட்டினேன்.