படகின் மூக்கில் உடைத்த தேங்காய்

படகு வைத்திருப்பவனுக்கு ஒரு கவலையும் இல்லை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டின் லிஃப்ட்டில் ஏறினாலே யாராவது ஒருவர் தொடங்கிவிடுவார். "என்ன அண்ணை, போட்டெல்லாம் வைச்சிருக்கிறியளாம். இனி எங்களோடை கதைப்பியளோ தெரியாது" என்பார். இரண்டு மாடி ஏறுவதற்குள், "எப்ப எங்களைக் கூட்டிக்கொண்டு போறியள்?" என்றும் கேட்டுவிடுவார்.

பிள்ளைகளே, இதை உங்கள் இருவருக்காகவும் எழுதுகிறேன். நான் ஓ.எல். பரீட்சை வரைக்கும்தான் படித்தவன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையில் நடந்ததை உங்கள் மாமா இப்போது வேறு விதமாகச் சொல்லித் திரிகிறார். அவர் சொல்வதே கடைசியில் நிலைத்துவிடும் போலிருக்கிறது. அதனால்தான் பேனையை எடுத்தேன்.

படகை நான் தேடிப் போய் வாங்கவில்லை. ஒருகொடவத்தையில் நான் வேலை செய்யும் கொன்டெய்னர் யார்டுக்குப் பல வருடமாக வந்து போன ஒரு முதலாளி, குடும்பத்தோடு வெளிநாடு போனார். அவருடைய காரை ஒருவர் எடுத்தார், சோபா செட்டை இன்னொருவர் எடுத்தார். படகை மட்டும் யாரும் கேட்கவில்லை. வெள்ளை நிற ஃபைபர் படகு. ஐந்து பேர் இருக்கலாம். பின்னால் சின்ன எஞ்சின், மேலே ஒரு கன்வஸ் கூரை. பொல்கொட வாவிக் கரையில் ஒரு சிங்கள ஐயாவின் தோட்டத்தில் கட்டிக் கிடந்தது. ஒரு முறை ஏறிப் பார் என்று அந்த முதலாளி சொன்னார். ஏறினேன். வாவியின் நடுவில் எஞ்சினை நிறுத்தினார். நாள் முழுக்க லொறிகளின் இரைச்சலையும் ஃபோர்க்லிஃப்ட்டின் கூச்சலையும் கேட்ட காதுக்கு அந்த அமைதி என்ன செய்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இறங்கும்போது, நான் எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் அம்மா கேட்டது ஒரே கேள்விதான். "உங்களுக்கு நீந்தத் தெரியுமோ?"

"தெரியாது. அதுக்குத்தானே போட்."

அதற்குப் பிறகு ஒரு கிழமை அவள் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை.

அதே மாதம்தான், மூத்தவளே, உனக்கு மெல்பேர்னுக்கு விசா வந்தது. நேர்ஸிங் படிப்பு, புதன்கிழமை இரவு விமானம். வீடு முழுக்கப் பெட்டியும் மிளகாய்த்தூள் பொதியும் பரவிக் கிடந்த நாட்களில் நீ என்னிடம் கேட்டது ஒன்றுதான். "அப்பா, போறதுக்கு முதல் ஒருக்கா போட்டிலை போவம். நாங்கள் நாலு பேர் மட்டும். வேறை ஒருத்தரும் வேண்டாம்."

கேட்க எவ்வளவு சின்ன விஷயம். நம்முடைய குடும்பத்தில் அது முடியுமா என்று பாருங்கள்.

உங்கள் அம்மாவின் அண்ணன் கிருலப்பனையில் இருந்து ஒவ்வொரு ஞாயிறும் மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வருவார். கல்யாணமான நாளில் இருந்து அதுதான் வழக்கம். ஞாயிறு வீடு பூட்டியிருந்தால் அவருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொன்னால் எங்கே போகிறோம் என்று கேட்பார். அதையும் சொன்னால், "நல்லதாப் போச்சு, நாங்களும் வாறம்" என்பார். வர வேண்டாம் என்று சொல்லும் வாய் எனக்கும் இல்லை, அம்மாவுக்கும் இல்லை. அவர் வந்தால் கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் அக்காவுக்கு, அதாவது உங்கள் மாமிக்கு, சொல்லாமல் இருக்க முடியாது. அவர்களுடைய ஆட்களை மட்டும் கூட்டிக்கொண்டு போனாய் என்று ஒரு வருடம் குத்திக் காட்டுவாள்.

முதல் ஞாயிறு எல்லோரும் வந்தார்கள். கரையில் பாய் விரித்து, புரியாணிச் சட்டியைத் திறந்தார்கள். மழை வந்தது, எல்லோரும் வேனுக்குள் ஓடினோம். இரண்டாவது ஞாயிறு மழை இல்லை. மாமா வீட்டு ஆட்களை ஒரு சுற்று, மாமி வீட்டு ஆட்களை ஒரு சுற்று என்று நான் ஏற்றி இறக்கினேன். கார்னிவல் ராட்டினம் சுற்றுகிறவனுக்குக்கூட இடையில் ஒரு தேநீர் கிடைத்திருக்கும். கடைசியாக உங்கள் முறை வந்தபோது எஞ்சின் இருமியது, பிறகு நின்றுவிட்டது. எத்தனை முறை கயிற்றை இழுத்தாலும் அசையவில்லை.

எஞ்சினின் பிளக்கில் அழுக்கு. பிறகு கழற்றித் துடைத்ததும் வேலை செய்தது. ஆனால் அன்று கரையில் நின்ற மாமா ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்டார்.

"மச்சான், இந்தப் போட்டுக்குப் பூசை போட்டனியோ?"

"இல்லை."

"பிறகென்ன? சைக்கிள் வாங்கினாலே கோயிலடிக்குக் கொண்டுபோய் எலுமிச்சம்பழம் நசிக்கிறம். இது தண்ணியிலை ஓடுறது."

"இதுக்கு ரயர் இல்லையே மச்சான். எலுமிச்சம்பழத்தை எதாலை நசிக்கிறது?"

நான் எரிச்சலில் சொன்னேன். அவர் உண்மையாகவே யோசித்தார். "அப்ப தேங்காய்தான்" என்றார்.

மாமி அதற்கும் விடவில்லை. "நம்ம பக்கத்து ஆசீர்வாதமும் வேணும் தம்பி. நான் மாதா கோயில்லேர்ந்து தீர்த்தம் கொண்டாறேன்."

மூன்றாவது ஞாயிறுதான் கடைசி ஞாயிறு. அது போனால் புதன்கிழமை. காலை ஏழு மணிக்கே நாங்கள் நால்வரும் உடுத்தி, உயிர்காப்பு அங்கிகளைப் பையில் வைத்துக் காத்திருந்தோம். மாமாவின் வேன் கிருலப்பனையில் இருந்து முதலில் கொட்டாஞ்சேனைக்குப் போய், மாமியை ஏற்றி, காலிக்குப் போகும் வீதியின் நெரிசலில் ஊர்ந்து எங்களிடம் வந்தபோது பத்து மணி தாண்டிவிட்டது. "ரெண்டு பூசையையும் முடிச்சிட்டு உடனே உங்களை விட்டிடுறம்" என்று மாமா சொன்னார். சின்னவன் என் காதில், "எங்களை விடுறதுக்கு அது ஆரின்ரை போட் அப்பா?" என்று கேட்டான்.

வாவிக் கரையில் புதுச் சண்டை. தீர்த்தம் முதலா, தேங்காய் முதலா?

"எந்தப் பூசையும் தேங்காயோடைதான் தொடங்கிறது" என்றார் மாமா.

"அதெல்லாம் சரி அண்ணே. போட் எங்க தம்பியோடது. அவன் ஞானஸ்நானம் எடுத்தவன்" என்றாள் மாமி.

"தங்கச்சியும் அதிலை ஏறுறவள் எல்லே?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா வாவியைப் பார்த்தாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் தொடங்கிவிடும் என்பது திடீரென்று மாமாவுக்கு நினைவு வந்தது. கையில் தேங்காயோடு சுற்றிலும் பார்த்தார். கரையெல்லாம் புல்லும் சேறும். தேங்காய் அடிக்க ஒரு கல் கிடையாது.

"கப்பலை இறக்கேக்கை அதின்ரை மூக்கிலைதான் போத்தல் அடிச்சு உடைக்கிறவை" என்று சொல்லிக்கொண்டே அவர் படகின் முன்பக்கத்துக்குப் போனார்.

"மச்சான், கொஞ்சம் பொறுங்கோ" என்று நான் சொல்லி முடிக்கவில்லை. அவர் கண்ணை மூடி, இரண்டு கையாலும் தேங்காயைத் தலைக்கு மேலே தூக்கி, படகின் மூக்கில் அடித்தார்.

தேங்காய் உடையவில்லை. குடுமியோடு தண்ணீரில் விழுந்து மிதந்தது. படகு வெடித்தது. பழைய ஃபைபர். மூக்கின் பக்கவாட்டில் என் கை நீளத்துக்கு ஒரு கோடு, அதன் நடுவில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை.

சத்தம் கேட்டுத் தோட்டத்து ஐயா வெளியே வந்தார். படகைப் பார்த்தார், மிதக்கும் தேங்காயைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். "மஹத்தயா, பிஸ்ஸுத?" என்றார். பைத்தியமா என்று அவர் கேட்டதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

"போட் உக்கிப்போச்சு மச்சான்" என்றார் மாமா. "இப்பவே தெரிஞ்சது நல்லது."

"தீர்த்தத்தை மொதல்ல தெளிச்சிருந்தா இப்பிடி வந்திருக்குமா?" என்றாள் மாமி.

மூத்தவளே, நீ புல்லில் உட்கார்ந்து உயிர்காப்பு அங்கியின் கொக்கியைக் கழற்றத் தொடங்கினாய். அதை நான் கண்டேன். நீ முகத்தைச் சுளித்திருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை. பழகிப்போனவள் மாதிரிக் கழற்றினாய்.

நான் முழங்கால் தண்ணீரில் இறங்கி வெடிப்பைத் தடவிப் பார்த்தேன். அது தண்ணீர் மட்டத்துக்கு மேலே, ஒரு சாண் உயரத்தில் இருந்தது. மூக்கு தாழ்ந்தால் தண்ணீர் ஏறும். மூக்கு உயர்ந்தே இருந்தால் ஏறாது. யார்டில் லொறியில் பாரத்தைப் பின்னுக்கு ஏற்றினால் முன்பக்கம் கிளம்பிவிடும் என்று டிரைவர்மார் என்னோடு தினமும் சண்டை பிடிப்பார்கள். எனக்கு அந்த யோசனை வந்தது. எல்லோரும் பின்னுக்கு இருந்தால் போகலாமா என்று தோட்டத்து ஐயாவிடம் சிங்களத்தில் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். அகலமான டேப்பைக் கொண்டுவந்து வெடிப்பின் மேல் இரண்டு அடுக்கு ஒட்டினார். கரையோரமாக மெதுவாகப் போ, முன்னால் ஒரு பூனைகூட இருக்கக்கூடாது, என்று சொன்னார்.

நான் கரையைத் திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் செருப்பைக் கழற்றத் தொடங்கியிருந்தார்கள்.

"எல்லாரும் ஏறேலாது" என்றேன். "முன்னுக்கு ஆள் இருந்தா ஓட்டைக்குள்ளை தண்ணி வரும். பின்னுக்கு நெருக்கி இருந்தா நாலு பேர்தான்."

"நான் பின்னுக்கு ஓரமா இருக்கிறன் மச்சான்" என்றார் மாமா.

"நீங்கள் எங்கை இருந்தாலும் தாழும்."

"நான் எத்தினை கிலோ எண்டு நினைக்கிறாய்?"

"தேங்காய் அடிச்ச கைக்கு மட்டும் கணக்குப் பார்த்தாலே போதும்" என்றான் சின்னவன். அந்த இடத்தில் அவனை நான் அதட்டியிருக்க வேண்டும். அதட்டவில்லை.

மாமி மட்டும், "அப்ப யார் அந்த நாலு பேர்?" என்று கேட்டாள். உண்மையாகவே அப்படிக் கேட்டாள். வேறு நாளாக இருந்தால் நான் தலையைக் குனிந்துகொண்டு, அக்கா நீ ஏறு என்று சொல்லியிருப்பேன். அன்று வெடிப்பைக் கையால் காட்டினேன். "நாங்கள் நாலு பேர்" என்றேன். வெடிப்போடு யார் வாதாடுவது? மாமி எட்டி நின்றபடியே போத்தலில் இருந்த தீர்த்தம் முழுவதையும் எங்கள் மேல் ஊற்றினாள். அம்மாவின் சேலை நனைந்தது.

போனது சந்தோஷமாக இருந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். உண்மையைச் சொன்னால், பின்னால் நாலு பேரும் மீன் டின்னில் அடைத்த மாதிரி இருந்தோம். சின்னவனின் முழங்கை என் விலாவில் குத்தியது. படகின் மூக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் முன்னால் என்ன வருகிறது என்றே தெரியவில்லை. அம்மா ஐஸ்கிறீம் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, இல்லாத தண்ணீரை அள்ளுவதற்கு ஆயத்தமாக இருந்தாள். "இஞ்சருங்கோ, டேப் கழலுதோ?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நான் எஞ்சின் பிடியை இறுக்கிப் பிடித்து, எல்லோரையும் அசைய வேண்டாம் என்று அதட்டிக்கொண்டே ஓட்டினேன். இதற்கா ஆசைப்பட்டேன் என்று எனக்கே கோபம் வந்தது.

மாமாவின் தொலைபேசி அழைப்பு வந்தது. "மச்சான், சோறு ஆறுது. திரும்புங்கோ." நான் சரி என்றேன். பழக்கதோஷம்.

அப்போதுதான் நீ, "அப்பா, ஒருக்கா என்னட்டைத் தாங்கோ" என்று எஞ்சின் பிடியை வாங்கினாய். நான் எப்படித் திருப்புவது என்று சொல்லத் தொடங்கினேன். நீ எஞ்சினை நிறுத்திவிட்டாய்.

படகு கொஞ்ச தூரம் தானாக வழுக்கிப் போய் நின்றது. ஒரு நீர்க்காகம் கம்பத்தில் உட்கார்ந்து சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. அம்மா டப்பாவைக் கீழே வைத்தாள். நீ அவளுடைய தோளில் தலையைச் சாய்த்தாய். அம்மா நனைந்த சேலைத் தலைப்பை உன் பக்கமாக இழுத்துப் போட்டாள். வெயிலுக்கா, வேறு எதற்கா என்று நான் கேட்கவில்லை.

கரையில் மாமா இரண்டு கையையும் ஆட்டிக் கூப்பிடுவது தெரிந்தது. நான் எஞ்சின் கயிற்றில் கை வைத்தேன்.

"விடுங்கோ" என்றாள் அம்மா. "அண்ணை முதல் சாப்பிடட்டும்."