தொண்ணூற்றிரண்டு வயதில் தகப்பனான ஜெர்மன்காரர்

நான் எழுதி அச்சில் வந்த புத்தகம் ஒன்றே ஒன்று. பக்கம் நாற்பத்தெட்டு, படம் இரண்டு, பிரதி நூறு. அந்த நூறும் எங்கெங்கே போயின என்பதற்கு இன்றும் என்னிடம் பட்டியல் இருக்கிறது. கேட்பார்தான் இல்லை.

அது ஒரு ஜெர்மன்காரரின் வாழ்க்கை வரலாறு. பனை மட்டையைத் தட்டித் தும்பு எடுத்துச் சீமைக்கு அனுப்பினால் அங்கே பிரஷ் செய்வார்கள் என்பதைத் தூத்துக்குடிக்குக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான் என்று அந்தக் குடும்பம் சொல்லும். பனங்காட்டுப் பக்கத்துப் பெண்ணைக் கட்டி, சரக்கு வைக்கக் கிட்டங்கி எழுப்பி, கிணறு வெட்டி, இங்கேயே செத்துப் புதைந்தார். எனக்குப் பழக்கம் அவருடைய பேரனோடு. ஊரில் அவரை ஜெர்மன் அண்ணாச்சி என்பார்கள். நிறத்தில் என்னைவிடக் கறுப்பு. ஜெர்மன் பாஷையில் அவருக்குத் தெரிந்த வார்த்தைகள் நான்கு. அவற்றில் இரண்டு டச்சு என்று ஒரு மாலுமி பிற்பாடு சொன்னான். ஆனாலும் அரை மணி தாமதமாக வந்து உட்கார்ந்து, "எங்க தாத்தா ரத்தம்லா வே, நேரம் தவறாது" என்பார்.

யுத்தத்துக்கு இரண்டு வருஷம் முன்பு அவர் என்னைத் தேடிவந்தார். நான் நடுநிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார்.

"தாத்தா கதைய நீருதான் எழுதணும். மத்தவன் எழுதுனா ஒண்ணுக்குப் பத்தா அளப்பான். நீரு கணக்குத் தப்பாத ஆளு."

பிறகு அவரே ஒன்றுக்குப் பத்தாக அளந்தார். முத்துக்குளிப்பை ஆராய்ந்து வரும்படி ஜெர்மன் ராஜாவே தாத்தாவை அனுப்பினாராம். அண்ணாச்சியின் மனைவியை நான் மைனி என்பேன். அவர் காப்பி டம்ளரை வைத்தபடி சொன்னது வேறு: "ராஜாவும் இல்ல, கூஜாவும் இல்ல. கப்பல்ல சமையக்காரரா வந்தாராம். வயித்தால போயி எந்திரிக்க முடியாமக் கெடந்தவர இங்கன எறக்கிவிட்டுட்டுப் போயிட்டானுவ." புத்தகத்தில் ராஜாதான் இடம்பெற்றார்.

தாத்தா கரையிறங்கிய வருஷம் கிணற்றுச் சுவரில் செதுக்கியிருந்தது: பிரமோதூத வருஷம், வயது இருபத்துநாலு. மகன் பிறந்த வருஷம் கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டில் இங்கிலீஷ் கணக்கில் இருந்தது. இரண்டையும் பார்த்து எழுதினேன். ஊரே மெச்சியது. மெச்சியவர்கள் அனைவரும் தங்கள் பெயர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று மட்டும் பார்த்தார்கள்.

யுத்தம் வந்தது. ஜெர்மன்காரர்களைப் பிடித்து வடக்கே முள்வேலி முகாமில் அடைப்பதாகப் பேச்சு வந்தது. ஊர்ப்பெருமைக்காக அண்ணாச்சியைக் காட்டிக் காட்டிப் பேசியவர்கள் கிட்டங்கிப் பக்கமே வராமலானார்கள். யாரோ மொட்டைக் கடுதாசி போட்டிருந்தான்: கிட்டங்கி மாடியிலிருந்து கடலுக்கு விளக்குக் காட்டுகிறாராம். அந்தக் கிட்டங்கிக்கு மாடியே கிடையாது. ஆனாலும் விசாரிக்க அதிகாரி வருவார் என்று தாக்கீது வந்தது. பன்னிரண்டு நாள் அவகாசம்.

அண்ணாச்சி ஆடிப்போய்விட்டார். "மூணு பொட்டப்புள்ளைய விட்டுட்டு நான் அங்கன போயி உக்காந்தா, இதுகள யாரு வே பாப்பா?" என்றபோது அவர் குரலில் ஜெர்மனி துளியும் இல்லை. அவர் ஜெர்மன் என்பதற்கு ஊர் வாய்ப்பேச்சைத் தவிர எழுத்தில் இருந்த ஒரே சாட்சி என் புத்தகம். அதை ஒன்றுவிடாமல் திரும்பப் பிடிப்பது என்று முடிவாயிற்று. அந்த வேலை என் தலையில் விழுந்தது.

கிட்டங்கியில் பிரிக்காத கட்டாக நாற்பத்தொன்று. கடலைக் கடையில் இருபத்துமூன்று. உள்தாள் பூராவும் பொட்டலமாகிப் போய்விட்டதால் அட்டைகளை எண்ணி வாங்கிக்கொண்டேன். புன்னைக்காயல் சாமியார் வீட்டில் இரண்டு, பாஞ்சாலங்குறிச்சியில் ஓர் உறவினர் வீட்டில் ஆடுகிற கட்டிலின் காலுக்கு அடியில் ஒன்று. இப்படிச் சைக்கிளில் ஒன்பது நாள் அலைந்தேன். கண்ணீர் விட்டுப் படித்ததாக என்னிடம் சொன்னவர்கள் பதினேழு பேர். அதில் பதினான்கு பேரின் பிரதிகளில் பக்க ஓரம் வெட்டிப் பிரிக்கப்படவே இல்லை.

உண்மையாகப் படித்திருந்தவர் ஆறுமுகநேரி உப்பளக் கணக்கர் ஒருவர்தான். புத்தகத்தைத் திருப்பித் தர அவருக்கு மனமில்லை.

"வாத்தியாரே, தொண்ணூத்திரண்டு வயசுல அந்த மனுசன் பிள்ள பெத்திருக்காரே, என்ன லேகியம் சாப்பிட்டாராம்? அத எழுதாம விட்டுட்டீரே!"

"தொண்ணூத்திரண்டா?"

"நீருதான எழுதியிருக்கீரு. வெள்ளக்காரன் ஒடம்புன்னு நெனச்சுக்கிட்டேன்."

திரும்பும் வழியில் ஒரு மைல்கல்லில் உட்கார்ந்து கழித்துப் பார்த்தேன். மூன்று முறை பார்த்தேன். தமிழ் வருஷப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். கிணற்றில் பெயர் மட்டும்தான் இருந்தது. நான் ஒரு சுற்று முந்தைய பிரமோதூதவில் தாத்தாவை இறக்கிவிட்டிருந்தேன். முப்பத்திரண்டு வயதில் தகப்பனானவர் என் கையால் தொண்ணூற்றிரண்டில் ஆகிவிட்டார். கணக்குத் தப்பாத ஆளாம்! எல்லாம் அடுப்புக்குப் போகப்போவதுதானே என்று யாரிடமும் சொல்லவில்லை.

தொண்ணூற்றொன்பது பிரதிகள் சேர்ந்தன. மைனி அவற்றை வெந்நீர் அடுப்பில் வைத்தார். அந்த வாரம் அவர்கள் வீட்டில் எல்லோருக்கும் இரண்டு வேளை வெந்நீர்க் குளியல். நூறாவது என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு அண்ணாச்சி, "கடல்ல விழுந்திருக்கும், விடும்" என்றார். எனக்கு மனம் ஆறவில்லை.

அதிகாரி பட்டணத்துப் பக்கத்து ஆள். கிட்டங்கிக்குள் வந்து, தும்புக் கட்டின்மேல் வெற்றுடம்போடு உட்கார்ந்திருந்த அண்ணாச்சியை மேலும் கீழும் பார்த்தார். மைனி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

"ஜெர்மன்காரர் எங்கேய்யா?"

"அப்படி யாரும் இங்கன இல்லைங்க," என்றார் மைனி.

"இவரா?" அதிகாரி சிரித்துவிட்டார். "இந்த மூஞ்சியைப் பார்த்தா ஜெர்மன்னு எழுதினான்? எவனோ என்னை முட்டாளாக்க எழுதியிருக்கிறான்." தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். போக விட்டிருக்க வேண்டும். வாசலுக்கு ஆறடிதான் இருந்தது.

"என்ன சார் மூஞ்சி?" அண்ணாச்சி எழுந்துவிட்டார். "எங்க தாத்தா யாருன்னு தெரியுமா ஒமக்கு?"

"சும்மா இரிங்க," என்றார் மைனி.

அண்ணாச்சி அலமாரியைத் திறந்து, பட்டுத்துணியில் சுற்றிய நூறாவது பிரதியை எடுத்து நீட்டினார்.

அதிகாரி முகம் மாறியது. உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார். மைனி சுவரைப் பிடித்துக்கொண்டார். அண்ணாச்சிக்கு அப்போதுதான் தான் செய்தது உறைத்தது. அதிகாரி நாற்பது பக்கம் புரட்டியதை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பென்சிலை எடுத்தார். ஓரத்தில் ஏதோ எழுதிக் கழித்தார்.

"யாரய்யா எழுதினது?"

"நான்தான்."

"தொண்ணூற்றிரண்டு வயசில் தலைப்பிள்ளையா?"

வாயைத் திறந்தேன். அந்தப் பிழை அந்த நாளெல்லாம் என்னை அரித்துக்கொண்டிருந்தது. "சார், அதில் ஒரு அறுபது வருஷம்..."

"வாத்தியாருக்கு நாவறண்டு போச்சு," என்று மைனி ஒரு செம்பு மோரை என் வாயில் வைத்தே விட்டார். மூச்சு விடாமல் குடிக்க வேண்டியதாயிற்று. முடித்ததும் இன்னொரு செம்பு. மூன்றாவதும் வந்தது.

அதிகாரி அதற்குள் எழுதி முடித்து வாசித்தும் காட்டினார்: உள்ளூர் ஆள், ஜெர்மன் என்பது முழுப் பொய், பெருமைக்காகக் கூலிக்கு ஆள் வைத்துக் கதை கட்டியவர், ஆபத்தில்லாதவர்.

"யார பொய்யன்னு..." அண்ணாச்சி தொடங்கினார். மைனி பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டார். அதிகாரி புத்தகத்தோடு போய்விட்டார்.

அன்று முள்வேலியிலிருந்து தப்பியவர் எனக்கு நன்றி சொல்லவில்லை. "எங்க தாத்தாவையே இல்லாம ஆக்கிட்டீரே வே" என்றார். யுத்தம் முடியும் வரை என்னோடு பேசியது பதினோரு வார்த்தை. பிள்ளைகளுக்கு அப்பன் இருந்தான். அது அவருக்குக் கணக்கிலேயே வரவில்லை.

யுத்தம் முடிந்த வாரமே வந்து நின்றார். "இப்ப எழுதிப் போடும், அந்த அறுபது வருசத் திருத்தத்த. சர்க்கார் பைல்ல நாம பொய்யனாக் கெடக்கக் கூடாது."

எனக்கும் அதே வேதனைதான். ஒரே பக்கத்தில், வருஷச் சுற்றை விளக்கி, முப்பத்திரண்டு என்று கீழே கோடு போட்டு எழுதிக் கொண்டுபோனேன். அண்ணாச்சி மகிழ்ந்து கையெழுத்தும் போட்டார். மைனி வாங்கிக்கொண்டார்.

"குடுங்க வாத்தியாரே, நானே தபால்ல சேக்கேன். நல்ல வெயிலா இருக்கு, குளிச்சிட்டுப் போங்க."

குளித்தேன். வெந்நீர் நல்ல சூடாக இருந்தது.